கூவத் தெரியாத கமடோர்

கேள்வி: நல்ல கணினியை மோசமான விளம்பரம் கவிழ்த்துவிடுமா?

பதில்: கமடோர் நிறுவனத்தின் அமிகா கணினியைக் கவிழ்த்ததே! 1985 ஜூலை, நியூயார்க் லிங்கன் சென்டர் அறிமுக விழா. ஓவியர் ஆண்டி வார்ஹோல் மேடையிலேயே பாடகி டெபி ஹாரியின் உருவத்துக்கு அமிகாவில் வண்ணம் தீட்டினார். 4096 நிறங்கள், ஸ்டீரியோ ஒலி, ஒரே நேரத்தில் பல வேலைகள். அன்றைய போட்டிக் கணினியான மேகின்டாஷ் கறுப்பு வெள்ளைதான்! ஆனால் அமிகா அலுவலகத்துக்கா, விளையாட்டுக்கா, ஸ்டூடியோவுக்கா என்று வாங்குபவருக்கு விளங்கும்படி கமடோர் சொல்லவேயில்லை. நாதஸ்வர வித்வானை அழைத்துவந்து பந்தலுக்குப் பின்னால் உட்காரவைத்த கதை. நிர்வாகக் குளறுபடியும் சேர்ந்துகொள்ள, 1994இல் நிறுவனம் திவால். எனக்கு இன்றும் ஆறவில்லை. அவ்வளவு திறமையான கணினி அது: ‘பாபிலோன் 5’ தொலைக்காட்சித் தொடரின் ஆரம்பகால விண்வெளிக் காட்சிகளை அமிகாக்களில்தான் உருவாக்கினார்கள், தெரியுமா?