வெள்ளை லைட் அண்ணன்

நெமிலிப் பக்கம் டூரிஸ்ட் கார் வைத்திருப்பவர்களில் ஒரு வகையினருக்கு ‘வெள்ளை லைட் அண்ணன்’ என்று பெயர் வைத்துவிடலாம். வண்டிக்குப் பத்து வயது. வைப்பர் கண்ணாடியைத் துடைக்காது, தடவிக் கொடுக்கும். அதெல்லாம் அண்ணன் கண்ணில் படாது. கம்பெனி பல்பு மட்டும் காடா விளக்கு மாதிரி எரிகிறதென்று 6000 கெல்வின் எல்.இ.டி. மாட்டுவார். சோதனைக்கூடம், எலக்ட்ரீஷியன் கடையின் எதிர்ச்சுவர். பத்தடியில் சுவர் பளீரென்று வெளுக்க, மஞ்சள் நீராட்டு விழா போஸ்டரில் கடைசி மாமன் பெயர் வரை படிக்கலாம். “எய்ம் பண்ணிடட்டுமாண்ணே?” என்றால், “வேணாம்பா, கொஞ்சம் மேலயே இருக்கட்டும்.” வண்டியைச் சுவரிலா ஓட்டப்போகிறார்?

பழைய எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் சங்கதி புரியும். உள்ளே இரண்டு இழை: ஹை பீமுக்கு 60 வாட்ஸ், லோ பீமுக்கு 55. லோ பீம் இழைக்கு அடியில் நகத்தளவு ஒரு தகரக் கிண்ணம். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டால் மேல்நோக்கித் தெறித்து எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். கிண்ணம் அதைத் தடுக்கிறது. ரிஃப்ளெக்டரின் வளைவே அந்த இழை நிற்கும் இடத்தை வைத்துப் போட்ட கணக்கு. மலிவு எல்.இ.டி.யில் சில்லுகள் ஒரு பட்டையின் இருபுறமும் ஒட்டியிருக்கும். அவை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கணக்கு தப்பும். காவேரிப்பாக்கம் ரோட்டில் புளியமரத்துக் காக்கைக்குப் பொழுது விடியும். பின்விளக்கில்லாமல் வைக்கோல் ஏற்றிப் போகும் டிராக்டர் இருட்டிலேயே இருக்கும். போதாக்குறைக்கு, கிட்டத்தில் பளீரென்று இருந்தால் கண்மணி சுருங்கித் தூரம் இன்னும் மங்கும். மார்கழிப் பனியிலோ, மேலே போன வெளிச்சம் வெள்ளைத் திரையாகித் திரும்பி அண்ணன் முகத்திலேயே விழும்.

“எதிர்ல எவன் டிம் பண்றான்? நான் மட்டும் ஏன் பண்ணணும்?” என்பது அண்ணனின் வாதம். ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் கண் கூசிப்போன லாரி டிரைவர் வந்துகொண்டிருப்பது அண்ணனை நோக்கித்தானே! எட்டு மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாதென்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. முன்பெல்லாம் ஹெட்லைட் நடுவே கறுப்புப் பொட்டு இருந்தது இதற்காகத்தான். அண்ணன் அதைத் திருஷ்டிப் பொட்டு என்றே நினைத்திருப்பார். புதுக் கார்களில் கம்பெனியே எல்.இ.டி. தருகிறதே என்றால், அங்கே விளக்கு முழுவதையுமே அந்தச் சில்லுக்காக வடிவமைக்கிறார்கள். பழைய வண்டியில் வெளிச்சம் போதவில்லை என்பதும் பொய்யில்லை. ஆனால் குற்றவாளி பெரும்பாலும் மஞ்சளடித்த ஹெட்லைட் கவரும், பல்புக்குப் போகும் முன்பே வோல்டேஜைத் தின்றுவிடும் இற்றுப்போன ஒயரும்தான். கவருக்கு ஒரு பாலிஷ், ரிலேயோடு நல்ல ஒயர், சரியான எய்ம் – இவற்றில் எதையும் சுவரில் அடித்துக் காட்டிப் பெருமைப்பட முடியாது. அண்ணனுக்கு அதுதான் சிக்கல்.

கழற்றிய பல்புகளை அவர் எறிவதில்லை. துணியில் சுற்றி டேஷ்போர்டில் வைத்திருப்பார். எஃப்.சி.க்குப் போகும் நாளில் அவைதான் எரியும். அன்று ராத்திரி திரும்பும் வழியில் எதிரே வருகிற ஒருவர்கூட லைட் அடித்துத் திட்டுவதில்லை. அண்ணன் உடனே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டுவிடுவார்: “லைட்டு ரொம்ப டல்லா இருக்குதுப்பா, ஒருத்தன்கூட கண்டுக்கல!”