எங்கள் ஊருக்கு என்ன ரேட்?

பெறுநர்: கூகுள் ஸ்ட்ரீட் வியூ நிர்வாகத்தார்
பொருள்: வீட்டு அந்தரங்கத்துக்கு விலைப்பட்டியல் கோருதல்

ஐயா / அம்மையீர்,

2016-இல் நாட்டின் பாதுகாப்பைக் காட்டி, தெருக்களைப் படமெடுக்க எங்கள் அரசு உங்களுக்கு அனுமதி மறுத்தது. கொடியில் காயும் உள்ளாடையின் பாதுகாப்பைப் பற்றி அப்போது ஒருவரும் மூச்சுவிடவில்லை. 2022 ஜூலையில் சென்னை உட்பட 10 நகரங்களின் தெருக்கள் உங்கள் திரைக்கு வந்தபோதும் விடவில்லை. எனவே நேரே தங்களிடமே விண்ணப்பிக்கிறேன்.

வெளிநாட்டு ரேட் விவரம் கைவசம் இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், தனியார் சாலை என்று பலகை வைத்திருந்த தம்பதியின் வீடுவரை உங்கள் கார் போய்ப் படமெடுத்தது. 2008-இல் வழக்குப் போட்டார்கள். செயற்கைக்கோள் காலத்தில் பாலைவனத்தில்கூட முழு அந்தரங்கம் கிடையாது என்று வாதாடினீர்கள். 2010-இல் வழக்கு முடிந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது 1 டாலர்.

ஜப்பானில் கேமரா வேலி தாண்டி எட்டிப் பார்க்கிறது என்று புகார். 2009-இல் அதை 40 சென்டிமீட்டர் இறக்கினீர்கள். ஆக, அங்கே மானம் ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவு.

ஜெர்மனியில் 2010-இல் சுமார் 2,44,000 வீட்டார் மறைக்கச் சொன்னார்கள்; மறைத்தீர்கள். எசன் நகரில் அப்படி மறைந்த சில வீடுகளைத் தேடிப்போய் யாரோ முட்டை அடித்தார்கள். தங்களுக்கு ரசிகர் மன்றமும் இருப்பது அறிந்து மகிழ்ச்சி.

எங்களுக்கு என்ன ரேட்? வீட்டை மங்கலாக்க வேண்டுமென்றால், 'இதுதான் என் வீடு' என்று சிவப்புக் கட்டத்துக்குள் காட்டி, மின்னஞ்சல் முகவரியும் தரச் சொல்கிறீர்கள். ஒளிய விரும்புகிறவன் முதலில் கைதூக்கி நிற்க வேண்டுமாம்! அதோடு, மங்கலாக்கியதை மறுபடி தெளிவாக்க முடியாது. குடித்தனக்காரர் மறைத்துவிட்டுக் காலிசெய்து போனால், வீட்டை விற்க நினைக்கும் ஓனர் யாரிடம் முறையிடுவார்?

இன்னொரு சந்தேகம். ஊர்க்கண் படாமலிருக்கப் புதுவீட்டில் திருஷ்டி பொம்மை கட்டுவது எங்கள் வழக்கம். முகங்களை மறைக்கும் உங்கள் மென்பொருள் அதன் முகத்தையும் மறைத்துவிட்டால், உங்கள் கண்ணுக்கு யார் காவல்?

ஆகவே தாழ்மையான கோரிக்கை ஒன்றுதான். படமெடுத்துவிட்டு, வேண்டாதவர்கள் மனுப் போடட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாசலில் நின்று குரல்கொடுத்துக் கேட்கும் மரியாதை எங்கள் கீரைக்காரம்மாவுக்கே தெரியும். முதலில் கேளுங்கள், சரி என்றவர் வீட்டை மட்டும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
சென்னைக் குடித்தனக்காரன்