இரு படைக்கும் ஒரே தலைவர்

சிறுமோதல் போர்விளையாட்டு என்பது, பெரும்படைகளை விடுத்துப் பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து பொம்மை வீரர்களை மட்டும் மேசைமீது நிறுத்தி, ஒவ்வொருவனும் எத்தனை அங்குலம் நகரலாம், யாரைச் சுடலாம், சுட்டது பட்டதா என்பனவற்றை அளவுநாடாவும் பகடையும் கொண்டு தீர்மானிக்கும் பொழுதுபோக்காகும். இதற்கு இருவர் வேண்டும். பழைய விதிநூல்கள் சிலவற்றின்படி நடுவர் ஒருவரும் சேர்ந்து மூவர் வேண்டும். 1987ஆம் ஆண்டு விதிநூலை வைத்துக்கொண்டு, கி.பி. நாற்பதாயிரத்தை ஒட்டிய காலத்துப் போரை ஆட ஒப்புக்கொள்ளும் மூவரை ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் ஒருங்கே திரட்டுவது எளிதன்று ஆதலின், அங்கு இவ்விளையாட்டில் இறங்குபவர் அம்மூவராகவும் தாமே அமைந்துவிட நேர்கிறது. அத்தகைய ஒருவர் அங்குள்ள ஓர் ஓட்டு வீட்டின் முன்னறையில் ஆடுவதாகக் கொள்க. அவரைத் தனியாட்டக்காரர் என இக்கட்டுரை குறிக்கும்.

இக்கலையின் மூலவராகப் பலரும் கொள்ளும் ஹெச்.ஜி. வெல்ஸ், 1898இல் செவ்வாய்க் கோளினரை இங்கிலாந்தின்மீது ஏவி நாவல் எழுதியவர். ஆனால் 1913இல் லிட்டில் வார்ஸ் என்னும் விதிநூலை வெளியிட்டபோது, அவர் தரையில் பரப்பியவை பொம்மைச் சிப்பாய்களும் மரக்குச்சியைச் சுடும் விளையாட்டுப் பீரங்கிகளுமேயன்றி, அவற்றில் ஒரு செவ்வாய்க் கோளினனும் இல்லை. அறிவியல் புனைவை எழுத்தோடு நிறுத்திக்கொண்ட அவரது அடக்கம் பின்வந்தோரிடம் இல்லை. 1973இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் தனியே ஆடும் முறைகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1987இல் ரிக் பிரீஸ்ட்லி எழுதி, இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் வெளியிட்ட வார்ஹாமர் 40,000: ரோக் டிரேடர், அண்டவெளி முழுவதையும் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. தனியே ஆடுதல் தமிழர்க்குப் புதிதன்று. பல்லாங்குழியில் ஒருவர் மட்டும் ஆடும் சீதைப் பாண்டி என்னும் வகை உண்டு. அசோகவனத்துச் சீதை பொழுதுபோக்க ஆடியதாக அதற்கு ஒரு கதையும் உண்டு. எனினும் சீதைப் பாண்டியில் எதிரி என ஒருவர் இலர் ஆதலின், ஆடுபவர் யாரையும் ஏமாற்ற வேண்டிய தேவை எழுவதில்லை. போர்விளையாட்டிலோ எதிரி உண்டு, அவருடைய இடத்தில் அமர்ந்திருப்பவரும் ஆடுபவரே என்பதால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ரோக் டிரேடர் நூலில் மாதிரிக்கெனத் தரப்பட்டுள்ள மோதல் ஒரு பண்ணை வீட்டில் நிகழ்வது. பெரும் அழிவிலிருந்து தப்பிய விண்வெளிப் படைவீரர் சிலர் ஒருபுறம்; ஆர்க்குகள் எனப்படும் பச்சைத்தோல் முரடர்கள் மறுபுறம். ஆர்க்குத் தலைவன் அப்பண்ணையில் கொள்ளைப்பொருளை ஒளித்துவைத்திருக்கிறான். இது எதிரிக்குத் தெரியாது. இருவருக்கும் இடையில் எல்லாம் அறிந்தும் வாய்திறவாமல் அமர்ந்திருக்கவேண்டியவர் நடுவர். மூன்று பதவியையும் ஒருவரே வகிக்கும்போது, படைவீரர் தலைவர் என்ற முறையில் அவர் அறியக்கூடாத ஒன்றை, நடுவர் என்ற முறையில் அவர் முன்னரே படித்திருக்கிறார். இந்நிலையில் விண்வெளிப் படையினர், காரணம் ஏதுமின்றி, பண்ணையின் குறிப்பிட்ட ஒரு மூலையை நோக்கியே மிகுந்த ஆர்வத்தோடு முன்னேறுவது வியப்பன்று.

இதற்கு மாற்றாக, எதிர்த்தரப்பின் முடிவுகளைப் பகடையிடம் ஒப்படைக்கும் வழக்கம் உண்டு: ஒன்று, இரண்டு விழுந்தால் பின்வாங்கும், மூன்று, நான்கு விழுந்தால் நின்ற இடத்திலிருந்து சுடும், ஐந்து, ஆறு விழுந்தால் பாய்ந்து வரும். ஏட்டளவில் இது குற்றமற்ற ஏற்பாடே. ஆனால் ஜமுனாமரத்தூர் ஆடுகளத்தில், பண்ணையின் விளைநிலமாகச் சாமைத் தாளும், பாறைகளாகப் பலாக்கொட்டைகளும் பரப்பப்பட்டிருக்கும். 28 மில்லிமீட்டர் உயரமுள்ள வீரனுக்கு ஒரு பலாக்கொட்டை மார்பளவுக்கு மறைப்புத் தரும் என்பதால் அது விலையில்லாத சிறந்த பாறையாகும். உருட்டப்படும் பகடை அக்கொட்டைமீது ஏறி, ஒரு முகமும் முழுதாக மேலே வராமல், ஐந்தும் ஒன்றும் சமமாகத் தெரியும்படி சாய்ந்து நிற்கிறது. சாய்ந்த பகடையை மறுபடி உருட்டவேண்டும் என்பது உலக வழக்கு. எத்துணைச் சாய்வு சாய்வாகும் என்பதை மட்டும் எந்த நூலும் கூறவில்லை. தமக்கு வேண்டிய தரப்புக்கு ஆறு விழுமிடத்துச் சற்றே சாய்ந்த பகடை நேராக நிற்பதாகவும், வேண்டாத தரப்புக்கு ஆறு விழுமிடத்து நேராக நிற்கும் பகடை சற்றே சாய்ந்திருப்பதாகவும் நடுவரின் கண்ணுக்குத் தோன்றுகிறது. இதனைத் தெருப்பிள்ளைகள் அழுகுணி ஆட்டம் என்பர். பிள்ளைகள் அழுகுணி ஆடினால் கூட்டாளிகள் கூச்சலிட்டு ஆட்டத்தைக் கலைத்துவிடுவர். இங்கோ கூச்சலிட ஒருவரும் இல்லை. அன்றியும், ரோக் டிரேடரில் ஒரு குண்டுக்குப் பட்டதா, பட்டது காயமாயிற்றா, காயத்தைக் கவசம் தடுத்ததா என மூன்று தடவை பகடை உருள்வதால், மனச்சான்றும் ஒரு குண்டுக்கு மூன்று தடவை சோதனைக்குள்ளாகிறது.

அறிவியல் புனைவுக்கு ஜவ்வாது மலையைவிடப் பொருத்தமான களம் தமிழ்நாட்டில் இல்லை என்றே கூறலாம். இம்மலையின் காவலூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வான்நோக்ககம் உள்ளது, 2.34 மீட்டர் விட்டமுடைய அதன் பெரிய தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 4130 ராமானுஜன் என்று கணிதமேதையின் பெயர் சூட்டப்பட்ட சிறுகோள் 1988இல் இங்குதான் கண்டுபிடிக்கப்பட்டது. தனியாட்டக்காரர் உள்ளூர்ப் பற்றினால் தம் போரை அச்சிறுகோளுக்கு மாற்ற விரும்புவது இயல்பே. ஆயின் அங்குக் காற்றில்லை, எனவே பண்ணையில்லை; ஈர்ப்பு மிக அற்பமாதலின், துள்ளிப் பாய்ந்த ஆர்க்குத் தரைக்குத் திரும்புவதற்குள் மதிய உணவு வேளை வந்துவிடும். காவலூரிலிருந்து அவர் கொள்ளத்தக்கது வேறொன்று. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைப்பதைக் காணக் காத்திருந்த வானியலாளர்கள், கோள் விண்மீனை அடையும் முன்பே அதன் ஒளி மங்கியதைக் கண்டனர். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது பறக்கும் வான்நோக்ககம் ஒன்றிலிருந்து அமெரிக்கர் செய்த நோக்கலாலும், காவலூர் உள்ளிட்ட இடங்களின் பதிவுகளாலும் தெரியவந்தது. எதிர்பாராத அம்மங்கலைப் பகடை சாய்ந்ததாகக் கொண்டு மறுபடி உருட்ட வானம் இடந்தருவதில்லை.

1987ஆம் ஆண்டு நூலைப் பழைய விதிநூல் என்று மேலைநாட்டார் பெருமையோடு அழைப்பது, இம்மலையடிவாரத்தில் நின்று பார்க்கையில் சிறிது நகைப்புக்குரியது. சிறுமோதலுக்கான விதிகள் தமிழில் தொல்காப்பியத்திலேயே உண்டு. பகைவரின் ஆநிரையைக் கவரும் வெட்சித் திணைக்கு அந்நூல் வகுத்த துறைகள், படை புறப்படும் அரவத்தில் தொடங்கி, ஒற்றறிதல், சூழ்ந்து நிற்றல், ஆக்களைக் கைப்பற்றல், துரத்துவோரைத் தடுத்தல் என ஒரு முறையான ஆட்ட வரிசையாகவே அமைந்துள்ளன. கவர்ந்த ஆக்களை நோகாமல் ஓட்டிச்செல்லுதற்கும் ஒரு துறை உண்டு. கொள்ளைப்பொருளின் உடல்நலம் பற்றி ரோக் டிரேடர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இறுதித் துறைகள் பங்கிடுதல், உண்டாடுதல், கொடுத்தல் என முடிவதிலிருந்து, இவ்விதிகளை வகுத்தோர் ஆட்டத்தின் நோக்கத்தைத் தெளிவாக அறிந்திருந்தனர் என்பது விளங்கும்.

இத்துறைகளுள் தனியாட்டக்காரருக்கு நேரே பயன்படுவது விரிச்சி. புறப்படுமுன் ஊர்ப்பக்கத்தில் நின்று, யாரோ தற்செயலாகப் பேசும் சொல்லைக் கேட்டு, அதை நிமித்தமாகக் கொள்ளுதல் விரிச்சியாகும். முல்லைப்பாட்டில், தாய்ப்பசுவைக் காணாமல் வருந்தும் கன்றுக்கு இடைக்குலப் பெண் கூறும் ஆறுதலை, போருக்குச் சென்ற தலைவன் விரைவில் மீள்வான் என்பதற்கு நன்னிமித்தமாக முதுபெண்டிர் கொள்கின்றனர். மனிதக் கைபடாத இம்முறையைக்கொண்டு ஆர்க்குகளின் அடுத்த நகர்வைத் தீர்மானிப்பது சாலப் பொருந்தும். ஆகவே தனியாட்டக்காரர் அளவுநாடாவைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, எதிர்த்த தேநீர்க் கடையின் பக்கம் செவிசாய்க்கிறார். “ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை இல்லாம” என்ற குரல் வருகிறது. ஆர்க்குகள் இரு பிரிவாகப் பிரிந்து தாக்கவேண்டும் என்பதுவரை ஐயமில்லை. சர்க்கரை இல்லாத பிரிவு துப்பாக்கி இல்லாத பிரிவா, தலைவன் இல்லாத பிரிவா என்பதில் உரையாசிரியர்கள் மாறுபடக்கூடும். உரையாசிரியரும் அவரே ஆதலின், விண்வெளிப் படையினருக்கு நன்மை தரும் உரையே கொள்ளப்படுகிறது. விரிச்சி நேர்மையானது, உரைதான் அழுகுணி.

இத்தகைய பூசல்களின் முடிவைப் பதிவதிலும் இவ்வட்டாரத்துக்கு நெடிய மரபு உண்டு. மலையின் அடிவாரத்துச் செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. தொறு எனப்படும் ஆநிரையைக் கவரும்போதோ மீட்கும்போதோ பட்ட வீரனின் பெயர், அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஊர் என்பன அவற்றில் சுருக்கமாகப் பொறிக்கப்படும். எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர்சொல்லிப் போற்றுகிறது. தலைவன் வீழ்ந்தபின் படை ஓடுமா, நிற்குமா என்று பகடையால் காணும் மனவுறுதிச் சோதனை இவ்விளையாட்டில் முக்கியமானது. அதில் வென்றதற்காகக் கல்லில் பெயர் பெற்ற நாய் உலகில் வேறு உண்டா என்பது ஐயமே.

ஆட்டம் முடிந்ததும், வாசலில் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த அண்டைவீட்டுச் சிறுவன், “யாரு மாமா ஜெயிச்சா?” என்று கேட்பது வழக்கம். இதற்குத் தனியாட்டக்காரரிடம் எளிய விடை இல்லை. வென்றவரும் அவரே, தோற்றவரும் அவரே. பங்கீட்டில் இரு தரப்பின் பங்கும் ஒருவரையே சேர்வதால் தகராறுக்கு இடமில்லை என்று தோன்றலாம். ஆயினும் ஆர்க்குத் தலைவன் ஒளித்துவைத்த பொருள் யாருக்குரியது என்ற வினா எழுகிறது: ஒளித்தவன் மாண்டுவிட்டான், கண்டெடுத்தவர்களோ அதை எவ்வாறு அறிந்தனர் என்பதை விளக்க இயலாத நிலையில் இருக்கின்றனர். இரு தரப்பின் வாதங்களையும் பொறுமையாகக் கேட்ட நடுவர், அப்பொருளைத் தமக்கே உரியதெனத் தீர்ப்பளித்து, ஆட்டக் குறிப்பேட்டில் எழுதித் தேதியிட்டுக் கையொப்பமும் இடுகிறார்.