குளியல் மேல் பழி

எங்கள் வீட்டுக் குளியல் தொட்டி ஆடம்பரத்துக்காக வாங்கியது இல்லை. மகன் வாங்கிய பழைய ஃபிளாட்டில் அது ஏற்கெனவே கிடந்தது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது, அந்தத் தொட்டிதான் எங்கள் செம்பரம்பாக்கம். நிரப்பி, பழைய வேட்டியால் மூடி, செம்பால் மொண்டு கணக்குப் பார்த்துச் செலவழித்தோம். அதற்குள் ஒரு மனுஷி இறங்கிப் படுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எனக்கு அறுபது முடிந்த அன்று மருமகள் ஒரு புட்டி கொடுத்தாள். ரோஜா நிறத் திரவம். ஒரு மூடி ஊற்றினால் தொட்டி முழுக்க நுரை பொங்கும்.

"அத்தே, இத்தனை வருஷமா அவசர அவசரமாத்தான் குளிச்சிருக்கீங்க. இனிமே அரை மணி நேரம் யாரும் கதவைத் தட்ட மாட்டோம்."

அவளுக்கு என்ன தெரியும்? நான் குறுக்குத்துறையில் குளித்து வளர்ந்தவள். தாமிரபரணிக்கு நடுவே முருகன் உட்கார்ந்திருக்கிற இடம். வெள்ளம் வந்தால் கோயிலே முங்கும். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுப் பூசை தொடங்கிவிடுவார்கள். 1970-களில் விடுமுறை நாளென்றால் பாவாடையை மாரளவு ஏற்றிக் கட்டிக்கொண்டு காலையில் இறங்கினால், கண் சிவந்து விரல் நுனி சுருங்கிய பிறகுதான் கரையேற்றம். அப்புறம் ஈரப் பாவாடையோடு படிக்கல்லில் உட்கார்ந்து வெயில் காய்வோம். அங்கேதான் ஆச்சியின் குரல் வரும்.

"ஏட்டி, சுடுற கல்லுல உக்காராத. சூடு பிடிச்சுரும்."

சூடு பிடிப்பது என்றால் இன்னதென்று எல்லாருக்கும் தெரியும், யாரும் விளக்க மாட்டார்கள். ஒண்ணுக்குப் போனால் எரியும். போய்விட்டு வந்த மறு நிமிடமே மறுபடி முட்டும். போனால் நாலு சொட்டு. அம்மாவின் காதில் மெல்லச் சொன்னால் அம்மா ஆச்சியிடம் ஜாடை காட்டுவாள். உடனே வைத்தியம் ஆரம்பம். வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பு எடுத்துக் கால் பெருவிரல் நகத்தில் பூச்சு. தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய். கூடவே ஒரு செம்பு நீர்மோர், மத்தியானம் இளநீர், சாயங்காலம் நீராகாரம். பெரும்பாலும் இரண்டு நாளில் சரியாகிவிடும். பெயர் முழுக்கச் சுண்ணாம்புக்கு. மோரை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை.

சரியாகாமல் போனதும் உண்டு. சின்ன ஆச்சி ஒரு தை மாதம் எரிச்சலில் தொடங்கி, நாலாம் நாள் பல் கிட்டும் குளிர்காய்ச்சலும் விலாவலியுமாகச் சுருண்டு கிடந்தாள். விடியுமுன் ஆற்றுக்குப் போனதில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்று விபூதி போட்டார்கள். பிறகு மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டாள். பழி ஆற்றுக்குப் போயிற்று.

அந்த 'விடியுமுன்' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவும் அத்தைமாரும் நாலு மணிக்கே எழுந்து கூட்டமாக ஆற்றுக்குக் கிளம்புவதை நான் வெகுகாலம் பக்தி என்றே நினைத்திருந்தேன். வீட்டில் கக்கூஸ் கிடையாது என்பதும், இருட்டு இருக்கும்போதே போய் வந்தால்தான் உண்டு என்பதும், அடுத்த வாய்ப்பு பொழுது சாய்ந்த பிறகுதான் என்பதும் எனக்கே அந்த வயது வந்தபோதுதான் விளங்கிற்று. நடுவில் பன்னிரண்டு மணி நேரம். அதற்காகவே அவர்கள் பகலில் தண்ணீர் குடிக்காமல் அடுப்படியில் வெந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கழிப்பறை இருந்தது. அதற்குப் பூட்டும் இருந்தது. விருந்தாளி வந்தால் திறப்பார்கள். காலை ஒன்பது முதல் நாலரை வரை அடக்குவது, யாரும் பாடம் நடத்தாமலே நாங்கள் முதல் வகுப்பில் தேறிய ஒரே பாடம்.

இருந்தும் வீட்டில் வாக்கியம் என்னவோ ஒன்றுதான்: "கல்லுல உக்காந்திருப்பா."

சரி, தொட்டிக்கு வருவோம். முதல் ஞாயிறு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்தளவு நுரைக்குள் கிடந்தேன். பொய் சொல்வானேன், சொர்க்கம்தான். முழங்கால் வலி எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அடுத்த வாரம் தினமும் கிடந்தேன். அதற்கடுத்த வாரம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். தனி பஸ் பிடித்து இரவோடு இரவாகப் போனோம். வண்டி நடுவழியில் ஒரு ஓட்டலில் நின்றது. ஆண்கள் இருட்டைப் பார்த்துத் திரும்பி நின்று ஒரு நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டார்கள். நாங்கள் பெண்கள் பக்கக் கழிப்பறை வாசல்வரை போய், மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பி வந்தோம். டீ சொன்னார்கள். "எனக்கு வேண்டாம், வழியில தொந்தரவு" என்றார் ஒரு அக்கா. அவருக்கு என்னைவிட அனுபவம் கூட. நானும் வேண்டாம் என்றேன். திரும்பும்போதும் அதே கதை.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் எரிச்சல் வந்தது. குடும்பம் கூடித் தொட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது.

"ஆத்துல குளிச்ச காலத்துல உனக்கு இதெல்லாம் வந்துச்சா?" என்றார் வீட்டுக்காரர். அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பெருவிரலில் சுண்ணாம்பு எதற்கென்று எந்த ஆணும் எங்கள் வீட்டில் கேட்டதில்லை.

எதிர்வீட்டு மாமி நாலு மாத்திரை கொண்டு வந்தார். போன வருஷம் அவருக்குக் கொடுத்ததில் மிச்சமாம். அதை வாங்கி வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டர் முதலில் அந்த மாத்திரைகளை வாங்கிக் குப்பையில் போட்டார். அரைகுறையாகவும் ஆளுக்கு ஆள் மாற்றியும் விழுங்கித்தான் பல மருந்துகளுக்கு இந்தக் கிருமிகள் அசராமல் போயிருக்கின்றன என்றார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"தொட்டியில குளிச்சேன் டாக்டர்."

"அது சரிம்மா. அதுக்கு முன்னாடி, எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க? எத்தனை மணி நேரம் அடக்குறீங்க?"

அறுபது வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

நுரைத் திரவமும் வாசனைச் சோப்பும் அந்த இடத்துத் தோலை உறுத்தும், கிருமியே இல்லாமலும் எரிய வைக்கும். அதனால் நுரை வேண்டாம், வெறும் தண்ணீரில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிடங்கள் என்றார். விளம்பரத்தில் வரும் அந்தரங்கச் சுத்தத் திரவங்களும் வேண்டாம், உள்ளே கழுவவே கூடாது, வெளியே தண்ணீர் போதும், கழுவுவது முன்னிருந்து பின்னாக இருக்கட்டும். சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பினார். இரண்டு நாளில் விடை வந்தது: இ.கோலை. ஆற்றிலிருந்தும் வரவில்லை, தொட்டியிலிருந்தும் வரவில்லை. பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லையைத் தருவது அதுதானாம். நம் குடலிலேயே குடியிருப்பது. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறத்தாழ 4 செ.மீ., ஆண்களுக்கு 20. அது ஏறி வர எங்கள் பக்கம் சந்து, அவர்கள் பக்கம் தேசிய நெடுஞ்சாலை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, காவலிருந்த நல்ல கிருமிகளும் கலைந்துபோகின்றன. மறுபடி மறுபடி வந்தால் அதற்கு உள்ளே தடவும் ஹார்மோன் கிரீம் உண்டு என்றார். ஐந்து நாள் மாத்திரை. சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். குளிர்காய்ச்சலோ விலாப்பக்கம் வலியோ வந்தால் அது சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்று அர்த்தம், ராத்திரியானாலும் வர வேண்டும் என்றார். சின்ன ஆச்சிக்கு ஆற்றங்கரையில் எதிர்ப்பட்டது எதுவென்று அப்போது தெரிந்தது.

2018-இல் ஓர் ஆய்வு வெளியாயிருக்கிறது. இந்தத் தொற்று அடிக்கடி வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்கள். பாதிப் பேரை நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரி 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. மாதவிடாய் நிற்காதவர்களை மட்டும் வைத்துச் செய்தது. என் வயதுக்காரிகளுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் படித்தபோது ஆச்சியின் மோர்ச்செம்பு ஞாபகம் வந்தது. முக்கால் லிட்டர் பிடிக்கும். இளநீரையும் நீராகாரத்தையும் சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய வந்துவிடுகிறது. சுண்ணாம்பை மட்டும் விட்டிருக்கலாம்.

தாமிரபரணியில் இப்போது ஊர்ச் சாக்கடை கலக்கிறது. கல்யாணத்துக்குப் போனபோது குறுக்குத்துறைப் படியில் நின்று பார்த்துவிட்டு, காலை மட்டும் நனைத்துக்கொண்டு வந்தேன். தொட்டியில் ஞாயிறுதோறும் கிடக்கிறேன், நுரையில்லாமல். ரோஜா நிறப் புட்டியை மகன் எடுத்துப்போனான். கார் கழுவ நன்றாக நுரைக்கிறதாம்.

ஊருக்கு இனி ரயில்தான். நெல்லை எக்ஸ்பிரஸில் பெட்டியின் இரண்டு முனையிலும் கழிப்பறை உண்டு. டிக்கெட் எடுக்கும்போது பெட்டியின் நடுப்பகுதி வேண்டாம், கடைசிப் படுக்கையாகப் பார் என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.