நெட்டுக்குப்பம் எரிமல

இன்னா பேராண்டி, சுமத்ராவுக்குக் கெளம்பிட்டியாமே? பாஸ்போர்ட்டுக்கு போட்டோ புடிச்சத உங்க ஆயா சொல்லிச்சு. டோபா ஏரிய நேர்ல பாத்தாதான் பாறைப் படிப்பு முடியுமாம். போ நைனா, தாராளமா போ. கேக்காமயே புத்தி சொல்றேன், காசு மட்டும் கேக்காத.

அந்த ஏரி எப்டி வந்துச்சுன்னு அர மணி நேரம் படம் போட்டு வெளக்குன. நானும் தலையாட்டுனேன். எனக்கு வெளங்குனது என்னமோ நண்டு வளையிலதான். உள்ள கொடஞ்சு மண்ண வெளிய தள்ளிடும். மேல பாத்தா கெட்டித் தரை. கால வெச்சா பொதுக்குனு எறங்கும், தண்ணி ஊறி நிக்கும். டோபாவும் அதான? 74,000 வருசத்துக்கு முன்ன அடியில இருந்த நெருப்புக் கொழம்ப கக்கித் தீத்துது, கூர உள்ள வுழுந்துச்சு, மழத்தண்ணி ரொம்பிச்சு. 100 கிலோமீட்டர் நீளம், 500 மீட்டர் ஆழம். பொறவு கொழம்பு மறுபடி ஏறி அடித்தரைய தூக்க, நடுவுல சமோசிர் தீவு. அந்தத் தீவு மேல சிடிஹோனின்னு ஒரு குட்டி ஏரி. பெரிய வூட்டுக்குள்ளயே சின்ன வூடு வெச்சிருக்கான் பாரு!

எல்லாம் நம்ம பக்கத்துப் பூமித் தட்டு, கடலுக்கடியில சுமத்ராவுக்குக் கீழ நொழையறதால வர்ற வென. மாமியார் வூட்டுல பூந்த மாப்ள சும்மா இருப்பானா? 2004 டிசம்பர் 26 சுனாமியும் அந்தச் சண்டதான். அதுல கேலி இல்ல, வுடு.

டோபா சாம்பல் ஆந்திரா ஜ்வாலாபுரம் வரைக்கும் பறந்து வந்து வுழுந்துச்சாம். தோண்டுனா சாம்பலுக்குக் கீழயும் கல்லாயுதம், மேலயும் கல்லாயுதம். அத சொல்லும்போது உன் கண்ணு விரிஞ்சுது. ஏண்டா, நம்ம கொசஸ்தலை ஆத்துல எறங்குனா மொழங்கால் வரைக்கும் சாம்பல் சேறு, அதுக்கு எந்த மல வெடிச்சுது? நீதான லென்ஸ்ல காட்டுன? எரிமலச் சாம்பல் ஒடஞ்ச பாட்டில் சில்லு மாதிரி, நம்மளுது முட்டாய் மாதிரி உருண்ட உருண்டயா. பின்னால எவனாச்சும் தோண்டுனா, அனல்மின் நிலையத்து பாய்லர் கக்குனதுன்னு அந்த உருண்டையே காட்டிக் குடுத்துடும்.

அதனால போறப்போ நம்ம சாம்பல் ஒரு பாட்டில் எடுத்துக்கோ. ஏர்போர்ட்ல கேட்டா நெட்டுக்குப்பம் எரிமலன்னு சொல்லு. பாட்டில மட்டும் பத்தரமா திருப்பி எடுத்தாந்துரு, அது உங்க ஆயா ஊறுகா பாட்டில்.