பூனாவிலிருந்து வந்த பங்காளி

மாட்டுக்கு மட்டும்தான் திமில் என்று நினைப்பவர்கள் காவிரிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. அங்கே மாஷீர் மீனுக்கும் திமில் உண்டு. 1946-இல் மைசூரு வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் காவிரியின் கிளையாறான கபினியில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. எங்கள் வீட்டு மாப்பிள்ளையே அவ்வளவு தேறமாட்டார்.

துரைமார்களுக்கு இது போதவில்லை. நீலகிரி அடிவாரத்து மாயாற்றில் இந்த மீன் துள்ளிக்கொண்டிருக்க, மேலே ஊட்டியில் ஊர் ஞாபகம் வந்து ட்ரவுட் மீனுக்கு ஏங்கினார்கள். 1863-இல் பிரான்சிஸ் டே என்ற துரை முயன்று தோற்றார். விட்டார்களா? இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் குடியேற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார்கள். கையில் வெண்ணெய், நெய்க்கு அலைச்சல், அதுவும் கப்பலேறி!

அப்புறம் காவிரியில் அணைகள் வந்தன. வெடி போட்டு மீன் பிடிக்கும் சூரர்களும் வந்தார்கள். 1972-இல் பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் பிறந்தது. தூண்டில்காரர்கள்தான், ஆனால் தங்கமான மனசு. ஆற்றில் காவல் போட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். குஞ்சும் விட்டார்கள். லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் பொரித்த நீலத்துடுப்பு மாஷீர் குஞ்சு! 1839-இல் சைக்ஸ் துரை பூனாப் பக்கத்து ஆற்றில் கண்டு பெயரிட்ட இனம். நம்மவருக்குத் தூரத்துப் பங்காளி.

நாலு நாள் தங்க வந்த பங்காளி திண்ணையில் படுத்தான், கூடத்துக்கு வந்தான், அடுக்களையைப் பிடித்தான். காவிரிக் கரையின் கலிபோர் முகாமில் அந்நாளில் தூண்டில்காரர்கள் பிடித்த மீனை எடை போட்டு, குறித்துக்கொண்டு, மறுபடி ஆற்றிலேயே விடுவார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் கணக்கை விஞ்ஞானிகள் புரட்டினார்கள். நீலத்துடுப்பு ஏறுமுகம், திமில்காரர் இறங்குமுகம். பிடித்து விட்டவர் கையெழுத்தே சாட்சி.

இவ்வளவு பேர் வாங்கிய திமில்காரருக்கு வெகுநாள் அறிவியலில் பேரே இல்லை என்பது அடுத்த கூத்து. 2007-இல் கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சின்ன மீன்களுக்கு ‘டார் ரெமாதேவி’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பொடியன்தான் நம் பீமன் என்று 2018-இல்தான் உறுதியானது. அதே ஆண்டு சிவப்புப் பட்டியலில் ‘மிக அருகிய இனம்’ என்றும் ஏறிவிட்டார். பெயர்சூட்டலும் அபாயச் சங்கும் ஒரே பந்தலில்.

இனி குஞ்சு விடுவதானால் மாயாற்றில் மிச்சமிருக்கும் சொந்த ரத்தத்தில்தான் சம்பந்தம் பேச வேண்டும். பங்காளிக்குப் பத்திரிகை வைக்கக் கூடாது. அதற்கும் முதலில் ஆற்றில் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரைத்தான் நூறு கிலோமீட்டர் பம்ப் போட்டு இழுத்துப் பெங்களூரில் குடிக்கிறோம். இதை எழுத உட்காருமுன் காபி குடித்தேன். திமில்காரர் பங்கில் ஒரு டம்ளர் குறைந்தது.