யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்

ரசாயன ஆயுதம் கூடாது என்று 193 நாடுகள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. காவிரித் தண்ணீரில் இரண்டு மாநிலத்துக்குள் வராத ஒற்றுமை, இதில் உலகத்துக்கே வந்துவிட்டது. எல்லோரும் உத்தமர்கள். குண்டு விழுகிறது, தோல் கருகுகிறது, குழந்தை வாயில் நுரை தள்ளிச் சாகிறது. போட்டவர் என்று மட்டும் யாரும் கிடையாது.

பட்டினப்பாக்கம் கடற்கரையில் நின்று தெற்கே பாருங்கள். சீனிவாசபுரத்தையும் அடையாற்று முகத்துவாரத்தையும் விட்டுக் கடல் வழியாகவே போனால் குறுக்கே ஒரு பிடி நிலம் கிடையாது. நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் முள்ளிவாய்க்கால். மதுரைக்குப் பஸ்ஸில் போவதை விடக் கிட்டம். இதே வங்கக்கடல்தான். 2009 மே மாதம் அந்தக் கரை மணலில் பங்கர் வெட்டி, புடவையை மணல்மூட்டையாகத் தைத்து, அதற்குள் ஒரு சனம் குந்தியிருந்தது. இந்தக் கரையில் நாம் எந்தக் கூட்டணிக்கு எத்தனை சீட் என்று சுண்டல் தின்றபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

கணக்கில் கொழும்பு நம்மை விடக் கெட்டி. அங்கே நடந்தது போரே இல்லையாம், மனிதாபிமான மீட்பு நடவடிக்கையாம். பொதுமக்கள் சாவு பூஜ்யம் என்பதே கொள்கையாம். பாதுகாப்பு வலயம் என்று ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று, மே மாதம் ஒன்று அறிவித்தார்கள். அறிவித்த இடத்துக்கு மக்கள் போனார்கள். பின்னாலேயே ஷெல்லும் போனது. உள்ளே இருப்பது எழுபதாயிரம் பேர்தான் என்றார்கள். நமது வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜியும் அதே எழுபதாயிரத்தை நாடாளுமன்றத்தில் ஒப்பித்தார். கடைசியில் முள்வேலி முகாமுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 2,90,000 பேர். குண்டுமழையில் மக்கள்தொகை நான்கு மடங்கு பெருகிய ஒரே ஊர் உலகத்தில் வன்னிதான். எண்ணிக்கை தெரியாமல் நேர்ந்த பிழை என்று இதை நம்ப வேண்டுமானால் நம்பலாம். எழுபதாயிரம் பேருக்குத்தான் சோறும் மருந்தும் என்றால் மிச்சப் பேரின் வயிற்றுக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

புதுக்குடியிருப்பு மருத்துவமனையிலும், அது போன பின் பள்ளிக்கூடத்துத் தரையிலும் காயத்துக்குக் கட்டுப் போட்ட மருத்துவர்கள் சாவை எண்ணி வெளியே சொன்னார்கள். போர் முடிந்ததும் அவர்களைக் கைது செய்தார்கள். ஜூலை மாதம் கொழும்பில் பத்திரிகையாளர் முன் உட்கார வைத்தார்கள். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லிவிட்டோம் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். காவலில் இருப்பவன் சொல்லும் உண்மைக்கு ஒரு தனி மெருகு உண்டு.

அந்தக் காயங்களில் சில வெறும் ஷெல் காயங்கள் அல்ல, பாஸ்பரஸ் எரித்தவை என்பது குற்றச்சாட்டு. வெள்ளைப் பாஸ்பரஸ் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். முப்பது டிகிரி வெப்பம் போதும், நம்ம ஊர் மத்தியானமே அதற்குத் தாராளம். தோலில் ஒட்டும். கொழுப்பில் கரைந்து உள்ளே இறங்கும். ஈரத்துணி போட்டுக் காற்றை அடைத்தால் அணையும். கட்டைப் பிரித்தால் மறுபடி புகையும். ஆனால் பதறாதீர்கள், சட்டப்படி இது ரசாயன ஆயுதம் இல்லை. நஞ்சால் கொன்றால்தான் ரசாயன ஆயுதம், எரித்துக் கொன்றால் எரிகுண்டு. அதிலும், புகைத்திரைக்காகப் போட்டேன், வெளிச்சத்துக்காகப் போட்டேன் என்று சொல்லிவிட்டால் எரிகுண்டும் இல்லை. வெறும் புகை. நடுவில் ஆள் எரிந்தது தற்செயல். 2004-ல் ஃபலூஜாவில் அமெரிக்கா இதைத்தான் போட்டது. இல்லை என்றது, அடுத்த வருடம் ஆமாம் என்றது. 2009 ஜனவரியில் காஸாவில் இஸ்ரேல் போட்டது. ஐ.நா. வளாகத்திலிருந்த உணவுக் கிடங்கே எரிந்தது. அவர்களும் முதலில் இல்லை, பிறகு ஆமாம். இந்த விஷயத்தில் வல்லரசுக்கும் சில்லறை அரசுக்கும் வித்தியாசம் ஒன்றுதான். வல்லரசு பிறகு ஆமாம் சொல்லும்.

வன்னிக்கு அந்த ஆமாம் கூட வரவில்லை. 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை கொடுத்தது. கடைசி மாதங்களில் நாற்பதாயிரம் பேர் வரை செத்திருக்கலாம் என்று எழுதியது. மருத்துவமனைகள் மீது ஷெல் விழுந்ததை எழுதியது. கொத்துக்குண்டு, பாஸ்பரஸ் என்று வரும்போது மட்டும் பேனா தயங்கியது. குற்றச்சாட்டு இருக்கிறது, அரசு மறுக்கிறது, புலிகள்தான் போட்டார்கள் என்கிறது, எங்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை என்று நிறுத்திக்கொண்டது. எப்படி முடியும்? தொண்டு நிறுவனங்களையும் ஐ.நா. ஊழியர்களையும் 2008 செப்டம்பரிலேயே கிளிநொச்சியை விட்டுக் கிளம்பச் சொல்லியாகிவிட்டது. முதலில் சாட்சியை வெளியேற்று. பிறகு சாட்சி எங்கே என்று கேள். 2012-ல் புதுக்குடியிருப்புப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலையில், வெடிக்காத கொத்துக்குண்டுகள் கிடைத்ததாக ஐ.நா. நிபுணர் ஒருவரே எழுதினார். எங்களிடம் அது கிடையவே கிடையாது என்றது கொழும்பு. 2018-ல் கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2019-ல் அந்த ஒப்பந்த நாடுகள் ஜெனீவாவில் கூடியபோது தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தது யார்? இலங்கை. மண்ணைத் தோண்டாதவரை எல்லோருக்கும் பதவி உண்டு.

புலிகளுக்கும் நான் நற்சான்று எழுதப்போவதில்லை. 1990 ஜூனில் கிழக்கே கிரான் முகாம் மீது குளோரின் வாயுவை ஏவியவர்கள் அவர்கள். 2009-ல் தப்பி ஓடிய சொந்தச் சனத்தையே சுட்டதையும் அதே ஐ.நா. அறிக்கை எழுதியிருக்கிறது. இதை மேடையில் சொன்னால் துரோகிப் பட்டம் தருவார்கள். தரட்டும். பட்டம் கொடுப்பவர்கள் அன்று என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

2009 ஏப்ரல் 27. பட்டினப்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடத் தூரத்தில், அண்ணா சமாதியில், முதலமைச்சர் கருணாநிதி காலையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கட்டில், ஏர்கூலர், குடும்பம், கேமரா. கனரக ஆயுதங்களை நிறுத்துகிறோம் என்று கொழும்பிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு உண்ணாவிரதம் முடிந்தது. அதற்குப் பிறகும் குண்டு விழுகிறதே என்று கேட்டவர்களிடம், மழை விட்டும் தூவானம் விடவில்லை என்றார். அந்தத் தூவானம் மூன்று வாரம் பெய்தது. நனைந்தவர்களின் எலும்பை நந்திக்கடல் ஓரத்தில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்முகாம் மட்டும் ஒழுங்கா? போர் என்றால் பொதுமக்கள் சாகத்தான் செய்வார்கள் என்று ஜனவரியில் சொன்ன ஜெயலலிதா, ஓட்டு நெருங்கியதும் ராணுவத்தை அனுப்பியாவது ஈழம் வாங்கித் தருவேன் என்றார். ஒருவர் அரை நாள் பட்டினி, இன்னொருவர் அரை நாள் படையெடுப்பு.

டெல்லிக்கு அப்போது வேறு ஒரு பெருமை. 1992-ல் பாகிஸ்தானோடு சேர்ந்து, ரசாயன ஆயுதத்தைச் செய்ய மாட்டோம், வாங்க மாட்டோம், பயன்படுத்த மாட்டோம் என்று உலகத்துக்குச் சத்தியம் செய்த நாடு நம்முடையது. 1997-ல் கணக்குக் காட்ட வேண்டி வந்ததும் கிட்டங்கியிலிருந்து 1,044 டன் கடுகு நச்சு வெளியே வந்தது. தாளிக்கிற கடுகு இல்லை, நுரையீரலைத் தாளிக்கிறது. அதைக் கெடுவுக்குள் அழித்து முடித்தோம் என்பது நல்ல காரியம், கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. முடித்துவிட்டோம் என்று ஐ.நா.வுக்குத் தகவல் சொன்ன மாதம்தான் கிண்டல். 2009 மே. நம் கையில் நஞ்சு இல்லை என்று ஒரு கையால் சான்றிதழ் வாங்கினோம். மறு கை என்ன செய்தது? மே 27 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் கூடியது. இலங்கையை விசாரிக்கவில்லை, வரவேற்றது. அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவு 29, எதிர்ப்பு 12. இருபத்தொன்பதில் இந்தியாவும் ஒன்று.

மறுநாள் மே 28. பத்து நாளாக டெல்லியில் நடந்த இலாகா பேரம் முடிந்து தி.மு.க. அமைச்சர்கள் பதவியேற்றார்கள். முள்ளிவாய்க்காலில் புகை அடங்கிப் பத்து நாள்தான். பேரத்தில் தமிழ்நாட்டுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? மு.க. அழகிரிக்கு ரசாயனம் மற்றும் உரத் துறை. இதை நான் எழுதியிருந்தால், இவ்வளவு கொச்சையாகவா கதை கட்டுவது என்று ஆசிரியர் அடித்திருப்பார். அரசிதழ் எழுதியது. ரசாயனம் ஈழத்தில் விழுந்ததா என்று கேட்க வேண்டிய ஊர், ரசாயனத்தை இலாகாவாக வாங்கிக்கொண்டு வீடு திரும்பியது.

வார்த்தையில் ஓட்டை தேடித் தப்பிப்பது நம் தலைவர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. நச்சு வாயு நிரப்பிய குண்டு கூடாது என்று 1899-லேயே ஹேக்கில் கையெழுத்தானது. 1915 ஏப்ரலில் ஈப்ரில் ஜெர்மனி குண்டே போடவில்லை. சிலிண்டரைத் திறந்து குளோரினைக் காற்றில் விட்டது. சிலிண்டர் குண்டு ஆகுமா? ஆகாது. அந்த வேலைக்கு மூளையாக இருந்த ஃபிரிட்ஸ் ஹேபருக்கு 1918-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் கிடைத்தது. ஈப்ரில் முதல் வாயு வந்து நான்கு நாள் கழித்து அதே களத்தில் வாயுவைத் தின்றவர்களில் லாகூர் டிவிஷனின் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. பிற்பாடு வெள்ளைக்கார விஞ்ஞானிகள் ராவல்பிண்டியில் இந்தியச் சிப்பாய்களை அரைக்கால் சட்டையோடு கடுகு வாயு அறைக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். இந்தியத் தோல் வெள்ளைத் தோலைப் போலவே வேகிறதா என்று சந்தேகமாம்.

1988-ல் சதாம் ஹுசைன் ஹலப்ஜாவில் குர்து மக்கள் மீது வாயுக்குண்டு போட்டார். சாவு ஐயாயிரம் வரை. சதாம் அப்போது வாஷிங்டனுக்கு வேண்டியவர். ஆகவே ஈரானுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்றது அமெரிக்கா. 2003-ல் படையெடுக்க வேண்டியிருந்தது, அதே ஹலப்ஜா சட்டென்று ஞாபகம் வந்தது. 2013 ஆகஸ்டில் இன்னும் மோசம். ரசாயன ஆயுதம் பற்றி ஆராய ஐ.நா. குழு டமாஸ்கஸுக்கு வந்து ஓட்டலில் இறங்கிய மூன்றாம் நாள், சில மைல் தள்ளி கூட்டாவில் சாரின் விழுந்தது. ஆய்வாளர்கள் போனார்கள், மண் எடுத்தார்கள், சாரின்தான் என்றார்கள். யார் போட்டது? அதைச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அனுப்பும்போதே அப்படித்தான் எழுதி அனுப்பினார்கள். போட்டார்களா என்று மட்டும் பார், யார் என்று பார்க்காதே. பிறகு 2015-ல் யார் என்று கேட்கவும் ஒரு குழு வைத்தார்கள். அது சிரியா அரசின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது. 2017 நவம்பரில் ரஷ்யா வீட்டோ போட்டது. குழு கலைந்தது.

அந்த 193 நாட்டு ஒப்பந்தத்திலேயே இன்னொரு ரத்தினம் இருக்கிறது. கண்ணீர்ப்புகையைப் போர்க்களத்தில் ஆயுதமாகப் பயன்படுத்தக்கூடாது. எதிரிச் சிப்பாயின் கண்ணும் கண்தானே. ஆனால் உள்ளூர்ச் சட்டம் ஒழுங்குக்கு, சொந்தக் குடிமக்கள் மீது, போடலாம். 2017 ஜனவரி 23 அன்று ஜல்லிக்கட்டுக் கூட்டத்தை மெரினாவிலிருந்து விரட்டியபோது இந்தச் சலுகையைச் சென்னை கண்ணால் பார்த்தது. நடுக்குப்பத்து மீன் மார்க்கெட் எரிந்தது. போலீஸ்தான் கொளுத்தியது என்றார்கள் மீன் விற்கும் பெண்கள். சீருடைக் கைகள் வண்டிக்குத் தீ வைக்கும் காட்சி எல்லோர் செல்போனிலும் ஓடியது. யார் வைத்த தீ என்று விசாரிக்க ஆணையம் அமைத்தார்கள். ஆணையம் காலநீட்டிப்பு கேட்டது. கொடுத்தார்கள். மறுபடி கேட்டது. மறுபடி கொடுத்தார்கள். ஐஸ் பெட்டியும் தராசும் எரிந்துபோன அம்மாவுக்கு அந்தக் காலநீட்டிப்பு கிடையாது, மறுநாள் விடியற்காலையே மீன் எடுக்கப் போக வேண்டும். எதிரி நாட்டுச் சிப்பாயாகப் பிறந்திருந்தால் அவர் மீது அந்தப் புகையைப் போட்டிருக்க முடியாது. இந்த நாட்டில் பிறந்து, பீடிக்கட்டு முதல் சோப்புக்கட்டி வரை வரி கட்டினார். அந்தக் காசில்தான் குண்டு வாங்கினார்கள்.